க்ரூஸ்ல 'கேரண்டி' ரூம்: அந்த கேரண்டி யாருக்கு?



"சும்மா இன்சைடு ரூம் போடு மச்சி, கப்பல் கிளம்பறதுக்குள்ள பால்கனிக்கு மாத்திக் கொடுத்துடுவாங்க." க்ரூஸ் போகலாம்னு ஆஃபீஸ்ல பேச்சு எடுத்தா, இதைச் சொல்ல ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அவருக்குத் தெரிஞ்ச யாருக்கோ அப்படி நடந்திருக்கும். நடக்காத நூறு பேர் அதைப் பத்திப் பேசவே மாட்டாங்க. ஐபிஓ அலாட்மென்ட் கிடைச்சவர் ஸ்டேட்டஸ் போடுவார், கிடைக்காதவர் போடமாட்டார். அதே கதைதான்.

சிங்கப்பூர்ல ஏறி மூணு நாலு ராத்திரி கப்பல்ல சுத்திட்டு வர்றது இப்போ நம்ம சம்பளக்காரங்க நிறைய பேரோட லிஸ்ட்ல இருக்கு. வருஷத்துக்கு ஒரு பெரிய லீவு, ரெண்டு வருஷ சேமிப்பு, கூட அப்பா அம்மாவும் வர்றாங்கன்னா, ரூம் விஷயத்துல எடுக்கற முடிவு சின்ன முடிவு இல்ல. அதனால கேரண்டி புக்கிங், அப்கிரேடு ரெண்டும் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துட்டு, கடைசியா என் கருத்தைச் சொல்றேன்.

கேரண்டி புக்கிங்னா என்ன?

கப்பல்ல ரூம் பொதுவா நாலு வகை. ஜன்னலே இல்லாதது இன்சைடு. ஜன்னல் இருக்கும், ஆனா திறக்க முடியாதுன்னா ஓஷன்வியூ. வெளியில நின்னு காத்து வாங்கலாம்னா பால்கனி. அதுக்கு மேல ஸ்வீட். ஒவ்வொரு வகைக்குள்ளயும் எந்த தளம், முன்பக்கமா நடுவுலயா பின்பக்கமா, காட்சியை எதுவும் மறைக்குதான்னு பார்த்து விலை மாறும்.

சாதாரணமா புக் பண்ணினா ரூம் நம்பரை நீங்களே தேர்ந்தெடுப்பீங்க. கேரண்டி புக்கிங்ல வகையை மட்டும்தான் தேர்ந்தெடுப்பீங்க. ரூம் நம்பர் இருக்க வேண்டிய இடத்துல 'ஜிடிஒய்'னு போட்டிருக்கும். எந்த ரூம்னு கம்பெனி பிறகு முடிவு பண்ணும். அது ரெண்டு மாசம் முன்னாடியும் வரலாம், கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியும் வரலாம். வந்த பிறகு "இது வேணாம், வேற கொடுங்க"ன்னு கேட்க பொதுவா வழி கிடையாது.

உங்களுக்கு உறுதி ஒண்ணே ஒண்ணுதான்: காசு கொடுத்த வகைக்குக் கீழ போகாது. மேல போகும்னு எங்கேயும் எழுதியிருக்க மாட்டாங்க.

நம்ம ரயில் பாஷையில சொன்னா, பெர்த் எதுன்னு தெரியாம டிக்கெட் எடுக்கற மாதிரி. ஸ்லீப்பர்ல இடம் உண்டு. அது லோயரா, பாத்ரூம் பக்கத்து சைடு அப்பரான்னு சொல்ல மாட்டாங்க. அந்தத் தெரியாத விஷயத்துக்காகத்தான் விலையைக் குறைக்கறாங்க.

எஃப் அண்ட் ஓ பார்க்கறவங்களுக்கு இன்னும் சுலபமா புரியும். நீங்க இங்க ஆப்ஷன் வாங்கல, விக்கறீங்க. தேர்ந்தெடுக்கற உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துட்டு, பதிலுக்கு ஒரு சின்ன பிரீமியம் வாங்கிக்கறீங்க. அந்த பிரீமியம்தான் உங்களுக்குக் கிடைக்கற தள்ளுபடி. அதனால கேட்க வேண்டிய கேள்வி "அப்கிரேடு கிடைக்குமா?" இல்ல. "நான் விக்கற உரிமைக்குச் சரியான விலை கிடைக்குதா?" அதுதான் கேள்வி.

இலவச அப்கிரேடு ஏன் கொடுக்கறாங்க?

ஹனிமூன்னு சொன்னா கொடுப்பாங்க, டிப்டாப்பா டிரஸ் பண்ணினா கொடுப்பாங்கன்னு பல கதை சுத்துது. அடிப்படையில இது சரக்குக் கணக்கு.

கப்பல் கிளம்பின பிறகு காலியா இருக்கற ரூமுக்கு மதிப்பு பூஜ்யம். டிக்கெட் காசு மட்டும் போகல, அந்த ரூம்ல இருந்திருக்க வேண்டிய ரெண்டு பேர் பார்லயும் கசினோவுலயும் கரையோர டூர்லயும் செலவு பண்ணியிருக்க வேண்டிய காசும் போச்சு. ராயல் கரீபியன் குழுமத்தோட ஆண்டு வருமானத்துல சுமார் 30 சதவீதம், ஏறின பிறகு நடக்கற இந்த மாதிரி செலவுகள்ல இருந்துதான் வருது. அதனால கப்பலை நிரப்பறதுதான் அவங்க முதல் வேலை.

இப்போ இன்சைடு ரூம் எல்லாம் வித்துப் போச்சு, கேட்டு ஆள் வந்துக்கிட்டே இருக்கு, ஆனா ஓஷன்வியூல இருபது ரூம் காலின்னு வச்சுக்கங்க. இன்சைடுக்குக் காசு கொடுத்த இருபது புக்கிங்கை ஓஷன்வியூவுக்கு நகர்த்திட்டா, இருபது இன்சைடு ரூம் மறுபடி விக்கலாம். அந்த நகர்த்தல்தான் நமக்கு 'அப்கிரேடு'. ரூம் நம்பர் இன்னும் முடிவாகாத கேரண்டி ஆட்களை நகர்த்தறது சுலபம். பெரும்பாலும் ஒரு படிதான் ஏத்துவாங்க. சில சமயம் அந்தப் படியும் அதே வகைக்குள்ளயே, தளம் மட்டும் மாறின ஒண்ணா இருக்கும்.

இதுல இன்னொரு விஷயம். கப்பல் தொழில்ல ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்னு கணக்கு வச்சு, அதைத்தான் 100 சதவீதம்னு சொல்வாங்க. மூணாவது, நாலாவது ஆள் ஏறினா அது 100-ஐத் தாண்டும். பெரிய கம்பெனிகள் நல்ல வருஷங்கள்ல 100-க்கு மேலதான் ஓட்டறாங்க. 2024-25 சீசன்ல சிங்கப்பூர்ல இருந்து போன ஆந்தம் ஆஃப் தி சீஸ் கப்பலை எடுத்துக்கங்க. ரூமுக்கு ரெண்டு பேர் கணக்குல சுமார் 4,180 பேர். எல்லா படுக்கையும் நிரம்பினா சுமார் 4,900 பேர். ஸ்கூல் லீவுல, தீபாவளி சமயத்துல நிரம்பி வழியற கப்பல்ல இலவசமா கொடுக்க என்ன மிச்சம் இருக்கும்?

கப்பலோட அமைப்பையும் பார்க்கணும். புதுக் கப்பல்கள்ல பாதிக்கு மேல பால்கனி ரூம்தான், அதனால நகர்த்த இடம் இருக்கும். பழைய கப்பல்கள் அப்படி இல்ல. 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து பயணம் ஆரம்பிச்ச கார்டேலியாவோட எம்பிரஸ், 1990-ல கட்டின கப்பல். முன்னாடி ராயல் கரீபியன்கிட்ட இருந்தது. அதுல இன்சைடும் ஓஷன்வியூவும்தான் அதிகம், பால்கனி கொஞ்சம்தான். அந்த மாதிரி கப்பல்ல இன்சைடு எடுத்துட்டு பால்கனி அப்கிரேடுக்குக் காத்திருந்தா, காத்துக்கிட்டேதான் இருக்கணும்.

அப்கிரேடே டவுன்கிரேடா மாறினா?

ஐஆர்சிடிசியில 'ஆட்டோ அப்கிரேடு' டிக் பாக்ஸ் பார்த்திருப்பீங்க. அம்மாவுக்கு ஸ்லீப்பர்ல லோயர் பெர்த் கிடைச்சிருக்கும்போது அதை டிக் பண்ணினா, ஏசி கோச்ல அப்பர் பெர்த் வந்து நிக்க வாய்ப்பு இருக்கு. வகுப்பு ஏறிடுச்சு, முட்டிவலி அம்மா ஏணி ஏறணும்.

கப்பல்லயும் அப்படியேதான். ஆட்டம் குறைவா தெரியற இடம் கப்பலோட நடுப்பகுதி, கீழ்த்தளம். முன்பக்கம், அதுவும் மேல்தளத்துல, ஆட்டம் நல்லாத் தெரியும். பஸ்ல போனாலே வாந்தி வர்ற ஒருத்தருக்கு நடுப்பகுதி இன்சைடு ரூம், முன்பக்க பால்கனியை விட எவ்வளவோ மேல். நீச்சல்குள தளத்துக்கு நேர் கீழ ரூம் வந்தா காலையிலயே நாற்காலி இழுக்கற சத்தம் கேட்கும். தியேட்டருக்கோ கிளப்புக்கோ மேல வந்தா ராத்திரி பாட்டு. முன்பக்கம் கீழ்த்தளத்துல வந்தா, துறைமுகம் வரும்போது நங்கூரம் இறக்கற சத்தம்தான் அலாரம். 'காட்சி மறைக்கப்பட்டது' வகை ஓஷன்வியூன்னா ஜன்னல் வழியா பார்த்தா உயிர்காப்புப் படகுதான் தெரியும்.

அதனால பார்த்துப் பார்த்து ஒரு ரூம் நம்பரை எடுத்திருந்தா, "அப்கிரேடு வேண்டாம்"னு புக்கிங்ல குறிக்கச் சொல்லி ஏஜென்ட்கிட்ட கேளுங்க. பல கம்பெனிகள்ல இதுக்கு வழி இருக்கு. இலவசமா வர்றதை வேண்டாம்னு சொல்றது நமக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனா பெத்தவங்களோட போறவங்களுக்கு இது முக்கியம்.

இன்னொரு பொறி, ரெண்டு ரூம் எடுக்கறவங்களுக்கு. அப்பா அம்மாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கேரண்டி ரூம் போட்டா, பக்கத்துப் பக்கத்துல கிடைக்கும்னு எந்த உறுதியும் இல்ல. ஒண்ணு மூணாவது தளம் முன்பக்கம், இன்னொண்ணு ஒன்பதாவது தளம் பின்பக்கம்னு வரலாம். பெரிய கப்பல்ல அது நிஜமாவே ஒரு வாக்கிங்.

ஏலம் கேட்கற அப்கிரேடு

இப்போ பல கம்பெனிகள் அப்கிரேடை இலவசமா கொடுக்கறதை விட ஏலத்துல விக்கறதையே விரும்பறாங்க. ராயல் கரீபியன்ல இதுக்குப் பேர் 'ராயல் அப்'. செலிபிரிட்டி, நார்வீஜியன் கம்பெனிகள்லயும் இதே மாதிரி திட்டம் உண்டு. ஏர்லைன்ஸ்ல "பிசினஸ் கிளாஸுக்கு பிட் பண்ணுங்க"ன்னு மெயில் வருமே, அதே முறைதான்.

புக் பண்ணின பிறகு மெயில் வரும். எந்த வகைக்கு எவ்வளவு கொடுப்பீங்கன்னு ஒரு ஸ்லைடரை நகர்த்துவீங்க. உங்க பிட் பலவீனமா வலுவான்னு ஒரு மீட்டர் காட்டும். அந்த மீட்டரை வச்சிருக்கறது விக்கறவர்தான்ங்கறதை மறக்காதீங்க. ஏத்துக்கிட்டா கார்டுல உடனே காசு போயிடும். அதுக்கப்புறம் திரும்ப வராது, பழைய ரூமும் வராது. ஏத்துக்கற வரைக்கும் பிட்டை மாத்தலாம், வாபஸ் வாங்கலாம். இங்கயும் வகைதான் கிடைக்கும், ரூம் நம்பர் உங்க கையில இல்ல.

ரொம்ப பேர் கவனிக்காத வரி ஒண்ணு: ஸ்லைடர்ல தெரியற தொகை ஒரு ஆளுக்கு. அதை ரெண்டால பெருக்கிக்கங்க. தனியா போறவங்களுக்கும் ரெண்டு பேர் கணக்குதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக வச்சுக்கிட்ட விலை. நாலு ராத்திரி, ரெண்டு பேர்.

- இன்சைடு கேரண்டி: ஆளுக்கு 45,000, மொத்தம் 90,000 ரூபாய்
- நாமே தேர்ந்தெடுத்த இன்சைடு: ஆளுக்கு 48,000, மொத்தம் 96,000 ரூபாய்
- நாமே தேர்ந்தெடுத்த பால்கனி: ஆளுக்கு 56,000, மொத்தம் 1,12,000 ரூபாய்

முதல்ல கேரண்டி. தேர்ந்தெடுத்த இன்சைடை விட ரெண்டு பேருக்கு 6,000 ரூபாய் மிச்சம். நாலு ராத்திரின்னா ராத்திரிக்கு 1,500. "எந்த ரூம் கொடுத்தாலும் வாய் திறக்க மாட்டேன்"னு சொல்றதுக்கு உங்களுக்குக் கிடைக்கற கூலி அது. ரெண்டு நண்பர்கள், தலை சாய்க்க மட்டும்தான் ரூம்னா, தாராளமா வாங்கிக்கலாம். அம்மாவோட போறவருக்கு அந்த 1,500 போதுமா? அவரவர் முடிவு. ஆனா இப்போ முடிவு எடுக்க ஒரு நம்பர் கையில இருக்கு.

அடுத்தது ஏலம். 96,000-க்கு இன்சைடு எடுத்தவர், பால்கனிக்கு ஆளுக்கு 9,000 பிட் பண்ணி ஜெயிக்கறார்னு வச்சுக்கங்க. ரெண்டு பேருக்கு 18,000. இது டாலர்ல போனா, 3.5 சதவீதம் ஃபாரெக்ஸ் மார்க்கப் போடற கார்டுல, அந்த மார்க்கப் மேல 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து இன்னொரு 743 ரூபாய். மொத்தம் 1,14,743. முதல் நாளே பால்கனி எடுத்தவர் கொடுத்தது 1,12,000, அதுவும் பிடிச்ச ரூம் நம்பரோட. நம்ம ஆள் ஏலத்துல ஜெயிச்சு 2,743 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கார். ஜெயிச்ச சந்தோஷத்துல அது கண்ணுக்கே தெரியாது.

ஆளுக்கு 7,000 பிட் பண்ணியிருந்தா? 14,000, மார்க்கப்போட 14,578. மொத்தம் 1,10,578. மிச்சம் 1,422 ரூபாய். அதுக்காக ரூம் நம்பர் தெரியாம, கிளம்பற சமயம் வரைக்கும் மெயிலைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்.

இதுல இருந்து ஒரே விதி: புக் பண்ணற அன்னைக்கே மேல் வகைக்கும் உங்க வகைக்கும் ஆளுக்கு எவ்வளவு வித்தியாசம்னு எழுதி வச்சுக்கங்க. உங்க பிட் அந்த நம்பருக்குக் கணிசமா கீழ இருந்தா மட்டும்தான் அர்த்தம். ஆறு மாசம் கழிச்சு மெயில் வரும்போது அந்த நம்பர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஸ்லைடர்ல இருக்கற நம்பர்தான் கண்ணுக்குத் தெரியும்.

ரூம் ரேட்டுக்கு வெளிய இருக்கற செலவு

டிப்ஸ். பெரிய அமெரிக்கக் கம்பெனிகள்ல ஆளுக்கு, நாளுக்குன்னு கணக்குல ஏத்திடுவாங்க. சாதாரண ரூமுக்கே ஒரு நாளைக்கு 16 டாலருக்கு மேல. ராயல் கரீபியன் மாதிரி இடங்கள்ல ஸ்வீட்டுக்கு அதை விட அதிகம். ஸ்வீட்டுக்கு பிட் பண்ணறவங்க அந்த வித்தியாசத்தையும் சேர்த்துக்கங்க.

தனி ஆள் கட்டணம். ஒருத்தரா போனா ரெண்டு பேர் டிக்கெட் காசு வரைக்கும் கேட்பாங்க. 'ஆளுக்கு இவ்வளவு'ன்னு போட்ட விளம்பர விலையை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

டிசிஎஸ். இங்க ஒரு ஏஜென்ட்கிட்ட வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவு இல்ல, வருமான வரி ரிட்டர்ன்ல கிரெடிட் எடுத்துக்கலாம். ஆனா அது வரைக்கும் அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

கேன்சல் விதி. குறைஞ்ச விலையோட பல சமயம் திரும்பக் கிடைக்காத டெபாசிட்டும் ஒட்டிக்கிட்டு வரும். லீவு இன்னும் அப்ரூவ் ஆகாதவங்க இதை முதல்ல படிங்க.

சரி, என்ன செய்யலாம்?

என் கருத்து இதுதான். தூங்கப் போற ரூம் எதுவா இருந்தாலும் உங்களுக்கு சம்மதம்னா கேரண்டி எடுங்க. அதுல ஒரு ரூம் வந்தா கூட மனசு கஷ்டப்படும்னா எடுக்காதீங்க. அப்கிரேடு வந்தா போனஸ். போனஸை நம்பி இஎம்ஐ எடுக்கக் கூடாதுன்னு நம்ம சேனல்ல எத்தனை தடவை பேசியிருக்கோம்? இங்கயும் அதேதான்.

கேரண்டி ஒத்து வர்றவங்க: நண்பர்கள் ரெண்டு பேர், குறைஞ்ச நாள் பயணம், ஆட்டம் ஒத்துக்கும், ரூமுக்கு ராத்திரி மட்டும்தான் வருவோம்னு இருக்கறவங்க. தள்ளுபடியும் ராத்திரிக்கு இவ்வளவுன்னு பார்க்கும்போது உறைக்கணும். ஆளுக்கு 500 ரூபாய் வித்தியாசத்துக்கு உரிமையை விக்காதீங்க.

ஒத்து வராதவங்க: வயசான பெத்தவங்க, சின்னக் குழந்தை, வாந்தி மயக்கம் வர்றவங்க, பக்கத்துப் பக்கத்து ரூம் வேணும்ங்கறவங்க, பால்கனிக்காகவே க்ரூஸ் போறவங்க. இவங்க காசு கொடுத்து ரூம் நம்பரை எடுக்கறதுதான் மலிவு.

பால்கனிதான் ஆசை, பட்ஜெட் இடிக்குதுன்னா ஏலத்தை விட நல்ல வழி ரெண்டு இருக்கு. ஒண்ணு, தேதியை மாத்துங்க. ஸ்கூல் லீவு இல்லாத வாரத்துல பால்கனி விலையே இறங்கி வரும். ரெண்டு, முழுப் பணம் கட்டற கெடு வரைக்கும் விலையைப் பார்த்துக்கிட்டே இருங்க. அந்தக் கெடு பல கம்பெனிகள்ல கிளம்பறதுக்கு 75, 90 நாள் முன்னாடி இருக்கும். அதுக்குள்ள மேல் வகையோட விலை இறங்கினா, வித்தியாசத்தைக் கட்டி மாறிக்க முடியுமான்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க. அங்க ரூம் நம்பரும் உங்க கையிலயே இருக்கும்.

ஏலம் கேட்டே ஆகணும்னா, எழுதி வச்ச வித்தியாசத்துல பாதிக்கு மேல போகாதீங்க. பாதிங்கறது என் அளவுகோல். ரூம் நம்பர் தெரியாத, காசு திரும்பாத ஒரு பொருளுக்கு அதுக்கு மேல கொடுக்க எனக்கு மனசு வரல. கிடைக்கலைன்னா நஷ்டம் எதுவும் இல்ல, நீங்க சம்மதிச்சு எடுத்த ரூம் அங்கயே இருக்கும்.

ஏஜென்ட் "கேரண்டி சார், அப்கிரேடு கண்டிப்பா வரும்"னு சொன்னா, அதை மெயில்ல எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. கொடுக்க மாட்டார். ஏன்னா அந்த உறுதி அவர்கிட்டயும் இல்ல.

புக் பண்ணறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு நம்பர் எழுதுங்க: கேரண்டி விலை, தேர்ந்தெடுத்த ரூம் விலை, மேல் வகை விலை. முதல் ரெண்டோட வித்தியாசத்தை ராத்திரி எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. கூட வர்றவங்ககிட்டயும் அந்தக் காகிதத்தைக் காட்டுங்க, அந்த ரூம்ல தூங்கப் போறது அவங்களும்தானே.